மிர்ட்டிலின் காலில் சிவப்பு

இருபத்திரண்டாயிரம் லிட்டர் பாலைச் சாணிக்குட்டையில் கொட்டி முடிக்க நாற்பது நிமிடம் ஆகும். பக்கத்தில் நின்று பார்த்தவன் சொல்கிறேன். மார்ச் மாதத்துச் செவ்வாய்க்கிழமை, குட்டையின் ஓரமெல்லாம் பனிக்கட்டி இன்னும் உடையாமல் கிடந்தது. லாரியின் பின்பக்க வால்வைத் திறந்துவிட்டுக் கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன். பதினொரு வீட்டுக்காரர்கள் விடியுமுன் எழுந்து, மூக்கு உறையும் குளிரில் கொட்டகைக்கு நடந்து, கறந்து கொடுத்த பால் அது. குடம் பாலுக்குத் துளி விஷம் என்பார்கள். இங்கே மருந்து ஏறிய ஒரே ஒரு பசுவின் பால் போதும், லாரி முழுக்கக் குப்பை.

விஸ்கான்சினின் இந்த வடக்கு மூலையில் இருபத்தாறு வருடமாகப் பால் லாரி ஓட்டுகிறேன். ஒவ்வொரு வீட்டுத் தொட்டியிலிருந்தும் பால் ஏற்றுமுன் ஒரு சின்னப் புட்டியில் மாதிரி எடுத்து வைப்பேன். ஆலையில் டோரீன் என்று ஒருத்தி, சோதனை அறையில் இருக்கிறாள். முதலில் லாரிப் பாலைச் சோதிப்பாள். அதில் மருந்து இருந்தால் புட்டி புட்டியாகப் போட்டு யார் வீட்டுப் பால் என்று கண்டுபிடிப்பாள். அன்று ஏழாவது புட்டியில் நிறுத்தினாள்.

"ஆர்லி, டீட்ஸ் வீட்டுப் புட்டி."

"எந்த டீட்ஸ்?"

"இந்தப் பக்கம் எத்தனை டீட்ஸ் இருக்காங்க? வெர்லின் டீட்ஸ்தான். அம்பது வருஷத்துல ஒரு தடவைகூட வந்ததில்ல. ரெண்டு தடவை போட்டுப் பாத்துட்டேன்."

அன்று காலை டீட்ஸ் கொட்டகையில் நானே நின்று பார்த்ததை அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டுக் குட்டைக்கு லாரியைத் திருப்பினேன்.

வெர்லினுக்கு எழுபத்துநாலு வயது. அறுபது பசு. ஒவ்வொன்றும் தன் இடத்தில் கட்டுண்டு நிற்கும் பழைய கொட்டகை. பத்து வருடம், இருபது வருடம் என்று சுத்தமான பால் கொடுத்ததற்கு ஆலை தந்த தகரப் பலகைகளைக் கொட்டகைச் சுவரில் வரிசையாக அடித்து வைத்திருக்கிறார். ஐம்பதாவது வருடப் பலகை இந்த ஜூனில், ஊரே கூடும் பண்ணைக் காலைச் சாப்பாட்டில், கையில் கொடுப்பதாக ஏற்பாடு. மகன் டுவேன் மாவட்டச் சாலையில் பனி வாரும் வண்டி ஓட்டுகிறவன். பனி விழும் இரவுகளில் மூன்று மணிக்கே போய்விடுவான். அவன் மனைவி மார்னா, முப்பத்தொன்பது வயது. சீஸ் ஆலையில் பொட்டலம் கட்டியே இரண்டு மணிக்கட்டும் போன பிறகு, அறுபது மைல் தள்ளி இருக்கும் சமுதாயக் கல்லூரியில் போய்ச் சேர்ந்தாள். கால்நடை மருத்துவருக்குக் கூட நின்று இரத்தம் எடுக்க, மயக்க மருந்து பார்க்க, கட்டுப் போட, எக்ஸ்ரே எடுக்கக் கற்றுத்தரும் இரண்டு வருடப் படிப்பு.

அந்தப் படிப்பை வெர்லின் ஒரு நாளும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதில்லை. "மாட்டுக்கு சாக்ஸ் போட்டுவிடற படிப்பு" என்பார். அதற்குக் காரணம் உண்டு. கல்லூரியில் ஒரு நீளப் பட்டியல் கொடுத்திருந்தார்கள். அதில் உள்ள ஒவ்வொரு வேலையையும் ஆசிரியை முன்னால் செய்துகாட்டி டிக் வாங்க வேண்டும். கட்டுப் போடுவது அவளுக்குக் கைவரவில்லை. இறுகினால் கால் வீங்கும், தளர்ந்தால் நழுவி விழும். வலிக்கிற மணிக்கட்டை வைத்துக்கொண்டு அவள் குளிர்காலம் முழுக்கப் பசுக்களின் காலில் பழகினாள். தானாக ஒட்டிக்கொள்ளும் கட்டுத்துணி, நீலம், பச்சை, மஞ்சள். ஜனவரியில் அந்தக் கொட்டகைக்குள் போனால் பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்குப் பசுக்கள் உடுத்தி நிற்பது போல இருக்கும்.

சிவப்பை மட்டும் அவள் தொடுவதில்லை. சிவப்பு வெர்லினுடைய சட்டம். பின்னங்கால் இரண்டிலும் சிவப்புத் துணி இருந்தால் அந்தப் பசுவுக்கு மருந்து கொடுத்திருக்கிறது, பால் தனி வாளிக்குப் போய் அங்கிருந்து சாக்கடைக்குப் போகவேண்டும். பலகையில் எழுதுவது, காகிதத்தில் குறிப்பது எல்லாம் அந்த வீட்டில் கிடையாது. பழைய சிவப்புச் சட்டையைக் கிழித்துக் கட்டிய காலத்திலிருந்து அதுதான் வழக்கம்.

ஜனவரியில் ஒரே ஒரு நாள், மற்ற நிறத் துணி தீர்ந்துவிட்டது. மறுநாள் ஆசிரியை முன்னால் செய்துகாட்டியாக வேண்டும். மார்னா ஒரு பசுவின் முன்னங்காலில் சிவப்பைச் சுற்றிப் பழகிவிட்டு அவிழ்க்க மறந்து போய்விட்டாள். வெர்லின் சிவப்பைப் பார்த்தார். முன்னங்கால் பின்னங்கால் என்று பார்க்கவில்லை. இரண்டு நாள் அந்தப் பசுவின் நல்ல பாலைச் சாக்கடையில் ஊற்றினார். விஷயம் தெரிந்தபோது நாங்கள் சமையலறையில் காபி குடித்துக்கொண்டிருந்தோம். டுவேன் சிரித்தான். மார்னா மன்னிப்புக் கேட்டுக்கொண்டே சிரித்துவிட்டாள். நான் ஒருபடி மேலே போய், "ஏன் வெர்லின், முன்னங்கால்ல மடி முளைச்சிடுச்சா?" என்று கேட்டேன். மேசையைத் தட்டிச் சிரித்தோம். கிழவரின் காது மட்டும் சிவந்தது. கோப்பையைப் பாத்திரம் கழுவும் இடத்தில் வைத்துவிட்டு வெளியே போனார்.

அதற்குப் பிறகு அவர் எந்தத் துணியைப் பற்றியும் யாரிடமும் கேட்கவில்லை.

அந்தத் திங்கட்கிழமை இரவு மிர்ட்டில் என்ற பசுவுக்கு மடி கல்லாக வீங்கியிருந்தது. மார்னா, கால்நடை டாக்டர் கூபியாக் அம்மாவைப் போனில் கேட்டு, அவர் சொன்ன மருந்தைக் காம்பு வழியாக ஏற்றினாள். பின்னங்கால் இரண்டிலும் சிவப்பைச் சுற்றினாள். மறுநாள் காலை ஐந்து மணிக்கு அவள் கல்லூரிக்குக் கிளம்பிவிட்டாள். நான் ஏழரைக்கு லாரியோடு போனபோது வெர்லின் மிர்ட்டிலின் பக்கத்தில் குனிந்திருந்தார். சிவப்பு என் கண்ணிலும் பட்டது. நான் வாயைத் திறந்து என்ன கேட்டேன் தெரியுமா?

"என்ன, இன்னைக்கு மிர்ட்டிலுக்கும் பரீட்சையா?"

"இந்த வீட்டுல எல்லாக் கழுதைக்கும் தினம் பரீட்சைதான்" என்று சொல்லிவிட்டு அவர் கறவை இயந்திரத்தை மாட்டினார். பால் நேராகத் தொட்டிக்குப் போனது. அந்தத் தொட்டியிலிருந்து என் லாரிக்கு வந்தது.

புதன்கிழமை சாயங்காலம் மதுக்கடையில் ஊர் தீர்ப்பு எழுதி முடித்திருந்தது. நான் ஒரு மூலையில் பன்றித்தொடைக் கறி வைத்த பன்னும் ஊறுகாய் முட்டையுமாக உட்கார்ந்திருந்தேன்.

"காலேஜ்காரி ஏதோ ஊசிய மாத்திப் போட்டுட்டாளாமே."

"புத்தகத்தப் பாத்து மாடு வளத்தா இப்படித்தான்."

"பாவம் கிழவன். ஜூன்ல பலகை வாங்கவேண்டிய மனுசன். ஆர்லி, நீதானே அந்த வீட்டுக்குப் போறவன், என்னதான் நடந்துச்சு?"

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பது சரி. ஆனால் என் வாயில் இருந்தது முட்டை. அதை மென்றுகொண்டே "யாருக்குத் தெரியும்" என்றேன். அந்த முட்டை இன்னும் தொண்டையில் நிற்கிறது.

வியாழக்கிழமை காலை வழக்கப்படி டீட்ஸ் வீட்டுக்குப் போனேன். இரண்டு நாள் பாலில் தொட்டி விளிம்பு வரை நிறைந்திருந்தது. டோரீன் முந்தின நாள் வந்த மாதிரியைச் சோதித்து, பால் சுத்தம் என்று சொல்லிவிட்டாள். ஆனால் ஒரு படிவம் எழுதாமல் நான் குழாயை மாட்டக்கூடாது. எப்படி நடந்தது, யாரால் நடந்தது, இனி நடக்காமலிருக்க என்ன செய்யப்போகிறார்கள் என்று எழுதி, பண்ணை உரிமம் யார் பெயரில் இருக்கிறதோ அவரும் கால்நடை மருத்துவரும் கையெழுத்துப் போட வேண்டும். டாக்டர் கூபியாக் பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்.

சமையலறையில் மூன்று பேரும் இருந்தார்கள். மேசையில் வேகவைத்த உருளைக்கிழங்கு யாரும் தொடாமல் ஆறிக்கிடந்தது. படிவம் வெர்லின் முன்னால். அவர் அதை ஒரு விரலால் மார்னா பக்கம் தள்ளினார்.

"எழுது. மருமக கவனக்குறைவா மருந்து மாட்டுப் பாலைத் தொட்டியில விட்டுட்டான்னு எழுது. நான் கீழ கையெழுத்துப் போடறேன். முடிஞ்சுது கதை."

"கறந்தது நான் இல்லையே அப்பா."

"துணி கட்டினது நீதானே?"

"சிவப்புக் கட்டினேன். பின்னங்கால்ல, ரெண்டு கால்லயும். உங்க சட்டப்படிதான் கட்டினேன்."

"இந்தக் கொட்டகையில இப்ப சட்டம்னு ஒண்ணு இருக்கா? நீலம், பச்சை, மஞ்சள்! என் மாட்டுக் கால்ல எது மருந்து, எது உன் வீட்டுப்பாடம்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"கேட்டிருக்கலாம்."

"கேக்கணுமா? எழுபத்துநாலு வயசுல என் கொட்டகையில நின்னுகிட்டு, அம்மா தாயே, இந்த மாட்டக் கறக்கலாமான்னு உன்கிட்ட நான் கேக்கணுமா?"

டுவேன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "விடு மார்னா. ஒரு பேருதானே. தப்பு அப்பாவுது இல்லைன்னு வந்தா ஜூன்ல பலகை கிடைச்சிடும். அவருக்கு அது ஒண்ணுதான் மிச்சம். உனக்கென்ன, உன்மேல யாரு கேஸா போடப் போறாங்க?"

மார்னா திரும்பினாள். இருபது வருடமாக அவளைத் தெரியும். அவள் முகம் அப்படி ஆகி நான் பார்த்ததில்லை.

"எனக்கென்னவா? திங்கக்கிழமைலேர்ந்து பன்னெண்டு வாரம் நான் கூபியாக் ஆஸ்பத்திரியில வேலை பாக்கணும். அத முடிச்சாத்தான் படிப்பு முடியும். மருந்து விஷயத்துல கவனக்குறைவுன்னு பேப்பர்ல பேரு வந்த ஆள அந்தம்மா சேக்க மாட்டாங்க, காலேஜும் விடாது. அடுத்த ஆஸ்பத்திரி நூறு மைல். காலையில இங்க கறந்துட்டு நூறு மைல் எப்படிப் போவேன்? ரெண்டு வருஷம்! விடிகாலையில இங்க சாணி அள்ளிட்டு, அங்க போய் பத்தொம்பது வயசுப் பிள்ளைங்களோட உக்காந்து எலும்பு பேரு மனப்பாடம் பண்ணேன். சாணி நாத்தம் அடிக்குதுன்னு பக்கத்துல உக்கார மாட்டாங்க. அத எல்லாம் ஒரு தகரப் பலகைக்குக் குடுக்கணுமா? ஒரு பேருதானேன்னு சொல்றியே, உன் பேர எழுதேன்! திங்கக்கிழமை ராத்திரி உன்கிட்ட என்ன சொன்னேன்? மிர்ட்டிலுக்கு மருந்து ஏத்தியிருக்கேன், அப்பாகிட்ட சொல்லிடுன்னு சொன்னேனா இல்லையா?"

"மூணு மணிக்குப் பனி வாரக் கூப்பிட்டுட்டாங்க. அவரு தூங்கிட்டிருந்தாரு..."

"ஒரு துண்டுக் காகிதம் எழுதி காபிப் பாத்திரத்துக்கு மேல வைக்கக் கை வரலையா?"

டுவேன் மறுபடி ஜன்னலைப் பார்த்தான். அவள் கண் என் பக்கம் வந்தது. நான் தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டு வாசலோரம் நின்றிருந்தேன்.

"ஆர்லி. செவ்வாக்கிழமை நீங்க வந்தப்ப கறந்து முடிஞ்சிருந்துதா?"

வெர்லின் என்னைப் பார்த்தார். என்னுடன் மான் வேட்டைக்கு இருபது வருடம் வந்த மனிதர். என் மனைவி இறந்த வருடம் எனக்குக் குளிர்காலம் முழுக்க விறகு வெட்டி அடுக்கிக் கொடுத்தவர். முந்தின நாள் மதுக்கடையில் அதையெல்லாம் நினைத்துத்தான் வாயை மூடியிருந்தேன் என்று சொன்னால் பொய். பயந்துகொண்டுதான் மூடியிருந்தேன்.

"முடியல. மிர்ட்டில்கிட்ட இருந்தாரு. சிவப்ப நானும் பாத்தேன்."

"பாத்தீங்களா?"

"பாத்தேன். பாத்துட்டுக் கிண்டல் பண்ணேன். பரீட்சையான்னு கேட்டேன்."

மேசையில் வெர்லினின் கை மூடியது. "என் காபியைக் குடிச்சுட்டு என் வீட்டுலயே நின்னு எனக்கு எதிரா சாட்சி சொல்றியாடா?"

"சாட்சி இல்ல வெர்லின். நானும் சேந்துதான் கெடுத்தேன்."

"வெளிய போடா!"

வெளியே போக நான் திரும்பினபோது கதவைத் தள்ளிக்கொண்டு டாக்டர் கூபியாக் உள்ளே வந்தார். அறுபது வயது, ஆண்களின் கம்பளிச் சட்டை, இரண்டு வார்த்தைக்கு மேல் பேசினால் நாக்கு தேய்ந்துவிடும் என்று நினைக்கிற பெண்மணி. "கத்தறது ரோடு வரைக்கும் கேக்குது. பேப்பர் எங்க?" என்றார்.

மார்னா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். பேனாவை எடுத்தாள். அவள் எழுதுகிற சத்தமும் அடுப்பு எரிகிற சத்தமும்தான் கேட்டன. எழுதி முடித்துக் காகிதத்தைத் திருப்பினாள். கூபியாக் கண்ணாடியை மூக்கில் வைத்துக்கொண்டு சத்தமாகவே படித்தார்.

"திங்கள் இரவு மிர்ட்டில் என்ற பசுவுக்கு மருந்து ஏற்றியவள் மார்னா டீட்ஸ். விதிப்படி சிவப்புக் கட்டியவளும் அவளே. ஜனவரி மாதம் பழகுவதற்காக இன்னொரு பசுவின் காலில் சிவப்பைக் கட்டி அவிழ்க்காமல் விட்டவளும் அவளே. அதனால் சிவப்புக்கு இருந்த மரியாதை போனது. மருந்து கொடுத்த செய்தியைச் சொல்லாமல் விட்டவர் டுவேன் டீட்ஸ். சிவப்பைப் பார்த்தும் கேட்காமல் கறந்தவர் வெர்லின் டீட்ஸ். பார்த்துவிட்டுச் சிரித்தவர் லாரி ஓட்டுநர் ஆர்லி. இனி மருந்து கொடுத்த பசுவின் பெயரை எழுதிவைக்கப் பால் அறையில் ஒரு பலகை இருக்கும். கறக்கிறவர் படித்துவிட்டுத்தான் கறப்பார்."

கூபியாக் கண்ணாடியைக் கழற்றினார். "இந்த ஜனவரி விஷயம் ஆலைக்குத் தெரியாதே. எனக்கும் தெரியாது. எதுக்கு எழுதின?"

"நடந்துச்சே."

"ம்." கூபியாக் கையெழுத்துப் போட்டுக் காகிதத்தை வெர்லின் முன்னால் வைத்தார். "உன் முறை."

"போட மாட்டேன்."

"வெர்லின்" என்றாள் மார்னா. டுவேனைப் போலவே அவளும் அவரை அப்பா என்றுதான் எப்போதும் கூப்பிடுவாள். அன்றுதான் அவள் வாயில் பெயர் வந்தது. "தொட்டி நிறைஞ்சு நிக்குது. சாயங்காலப் பாலுக்கு இடம் இல்ல. இந்தப் பேப்பர் போனா பால் லாரியில போகும். போகலைன்னா சாக்கடையில போகும். ரெண்டுல ஒண்ணுதான்."

"என் பாலுடி அது. ஊத்திடுவியா?"

"இருபது வருஷமா நானும்தான் கறக்கறேன்."

எழுந்து போனாள், கோட்டுகூடப் போடாமல். நாங்கள் என்ன செய்யப்போகிறாள் என்று புரிந்து கதவுக்கு ஓடுவதற்குள் பால் அறையில் வால்வு திரும்புகிற சத்தம் கேட்டது. தொட்டியிலிருந்து பால் சிமெண்டுத் தரையில் விழுந்து, வடிகாலில் பாதி இறங்கி, மீதி வாசல் வழியாக முற்றத்துக்கு வந்தது. நேற்றுவரை உருகிய பனியெல்லாம் கறுப்பாகிக் கிடந்த முற்றம். வெள்ளை அதன் மேல் பரவி எங்கள் காலடிக்கு வந்தது. வெர்லின் செருப்பில்லாமல், கம்பளிக் காலுறையோடு அதில் இறங்கி நின்றார்.

"மூடுடி! நல்ல பாலுடி அது!"

"நல்ல பேரும்தான்!" வால்வில் கையை வைத்துக்கொண்டு அவள் கத்தினாள். "ஊத்தறது மட்டும் உங்களுக்கு வலிக்குதா? மூட மாட்டேன். கடைசிச் சொட்டு வரைக்கும் நின்னு பாருங்க!"

டுவேன் முற்றத்தின் நடுவில் நின்றான். முன்னும் போகவில்லை, பின்னும் போகவில்லை. கடைசியில் அவன் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. "அப்பா. போடுங்க. நான்தான் உங்ககிட்ட சொல்லல. போடுங்கப்பா."

"இப்பவாவது வாய் வந்துச்சே" என்றாள் மார்னா. அவனைப் பார்க்கவில்லை.

கூபியாக் கையோடு கொண்டுவந்த காகிதத்தை என் லாரியின் முன்பக்கத்தில் வைத்து, என் பேனாவால், பல்லைக் கடித்துக்கொண்டு வெர்லின் கையெழுத்துப் போட்டார். பேனாவைத் திருப்பித் தரவில்லை, பாலில் எறிந்தார். யாரையும் பார்க்காமல் ஈரக் காலுறையோடு கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதன் பிறகுதான் மார்னா வால்வை மூடினாள். தொட்டியில் பாதிதான் மிச்சம்.

கூபியாக் தன் வண்டியில் ஏறி ஜன்னலை இறக்கினார். "திங்கக்கிழமை, காலையில ஏழு மணி. பூட்ஸ் நீயே கொண்டு வா, என்கிட்ட உன் அளவு கிடையாது."

"சேத்துக்கறீங்களா?"

"எல்லாரோட தப்பையும் எழுதறவங்க ஊர்ல நிறைய. தன் தப்பையும் எழுதறவ எனக்கு வேணும். கோட்டைப் போடு, செத்துத் தொலையாத."

அவர் போய்விட்டார். மார்னா அழவில்லை, சிரிக்கவுமில்லை. கோபம் இன்னும் ஒரு சொட்டுக்கூட இறங்கவில்லை அவளுக்கு. நான் குழாயை மாட்டி, மிச்சப் பாலை ஏற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள்.

"அவருக்கு வயசாச்சு, அவமானம். டுவேன் அப்படியே வளந்தவன். நீங்க ஏன் ஆர்லி? நேத்து ஊரே என்னைப் பேசிச்சாம். நீங்க அங்கதான் இருந்தீங்களாம். ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"தப்புதான் மார்னா."

"கையக் குடுங்க."

கொடுத்தேன். பாக்கெட்டிலிருந்து சிவப்புக் கட்டுத்துணியை எடுத்து என் வலது மணிக்கட்டில் சுற்றினாள். இறுக்கவில்லை, தளர்த்தவுமில்லை. துணிக்கடியில் இரண்டு விரலை விட்டு அளவு பார்த்தாள். நுனியைப் பல்லால் கடித்துக் கிழித்து அழுத்தி ஒட்டினாள். ஆசிரியை எதற்கு டிக் போட்டாள் என்று அப்போது எனக்குப் புரிந்தது.

"அடுத்த தடவை சிவப்பப் பாத்தா வாயைத் திறங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மற்ற பத்து வீட்டுக்கும் அந்தக் கையோடுதான் போனேன். மாதிரி எடுத்தேன், புட்டியில் பெயர் எழுதினேன், குழாய் மாட்டினேன். பத்து வீட்டுக்காரர்களும் பார்த்தார்கள். ஒருவன் "அடடே, உனக்கும் மடி வீக்கமா?" என்றான். அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாயங்காலம் ஆலையில் டோரீன் புட்டிப் பெட்டியை வாங்கும்போது என் கையைப் பார்த்து நின்றாள். பெட்டியைக் கீழே வைத்தாள்.

"இது என்ன ஆர்லி? எதுக்குக் கட்டியிருக்கு?"

ஜனவரியிலிருந்து இன்றுவரை, இத்தனை பேரில், சிவப்பைப் பார்த்துவிட்டு அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவள்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன்.